ஹம்பர்க்குக்குப் போக நல்ல மாதம்

நான் ஒரு காலத்தில் ஹம்பர்க் நகரத்துக் காலநிலை நிபுணனாக இருந்தேன். அந்த நகரத்தில் அதுவரை கால் வைத்ததே இல்லை என்பதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சிட்னியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது "ஐரோப்பாவுக்குப் போவமெண்டு யோசிக்கிறம்" என்று வாயெடுத்தால் போதும், கையில் தட்டோடு வகுப்பைத் தொடங்கிவிடுவேன். (ஒருமுறை கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "சார், சாதம் ஆறுது" என்று சொல்லித் தப்பினார்.)

இந்த வியாதிக்குக் காரணம் என் தொழில். பரமட்டாவில் ஒரு பஸ் கம்பனியில் சாரதிகளுக்கு ரோஸ்டர் போடுகிறேன். யார் எந்தக் கிழமை எந்த பஸ்ஸில் போவது என்பதை ஆறு வாரம் முன்கூட்டியே தீர்மானிக்கிற ஆள். இன்றைய நாள் எனக்கு எப்போதோ போட்டு முடித்த ஒன்று. டூங்கபி வீட்டில் பால் வாங்கப் போவதற்கும் ஒரு நாளை ஒதுக்கித்தான் போவேன்.

ஹம்பர்க்கில் இருப்பவர் என் அண்ணன், நேசண்ணை. ஊரில் விளையாட்டுப் போட்டியென்றாலும் திருவிழாவென்றாலும் ஒலிபெருக்கியில் அவருடைய குரல்தான். "சிவப்பு மோட்டார் சைக்கிளின் உரிமையாளர் உடனடியாக வரவும்" என்று அவர் அறிவித்தால், மிதிசைக்கிள் வைத்திருப்பவனும் எழுந்து ஓடுவான். சண்டைக் காலத்தில் அவர் ஜெர்மனிக்குப் போனார், நான் சிட்னிக்கு வந்தேன். கடைசியாக நேரில் கண்டது லண்டனில் ஒரு கலியாண வீட்டில். அதுவும் பதினாறு வருடம் முந்தி. மற்றபடி ஞாயிறு மாலை ஃபோன்தான், அவருக்கு அது காலை.

ஃபோனில் நாங்கள் பேசுவது காலநிலை. எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் இருப்பவருக்கு நோய் வருத்தத்தைச் சொல்வதில்லை. தூரத்தில் இருந்து கவலைப்பட்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று ஒரு கரிசனை. எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அண்ணனிடம், "புளூ மவுண்டனுக்கு வந்தனாங்கள் அண்ணை, சரியான குளிர்" என்றேன். பக்கத்தில் மெஷின் பீப், பீப் என்றது.

"உதென்னடா சத்தம்?"

"குருவி அண்ணை."

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். நானே செய்திருக்கிறேன். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் என் குற்றம்.

ஒருவழியாக அவரிடம் போவதென்று முடிவெடுத்தபோது, ஹம்பர்க்கின் பன்னிரண்டு மாதங்களையும் ஒரு அட்டவணையில் போட்டேன். மழை நாட்கள், வெயில் மணிகள், காற்று என்று எல்லாவற்றுக்கும் ஒரு நிறம். ஜனவரி, பெப்ரவரி: மனிதர் போகிற மாதங்கள் அல்ல. மார்ச்சில் சேறு. ஏப்ரலை நம்ப முடியாது, ஒரே நாளில் வெயிலும் ஆலங்கட்டியும். மே நடுவில் கடைசிப் பனி ஒன்று உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம். செப்டம்பருக்குப் பிறகு மழையும் இருட்டும். மிஞ்சியது ஜூன் நடு. அதற்குப் பச்சை நிறம் அடித்து, பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டேன்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு, அண்ணனின் குரல் கரகரவென்று வந்தது.

"தம்பி, ஜூன் தூரமாக் கிடக்கு. பெப்ரவரியில வாவன்."

"பெப்ரவரியிலயோ? உங்கட தொண்டையைப் பாருங்கோ, வீட்டுக்குள்ள இருக்கிற உங்களுக்கே குளிர் பிடிச்சிட்டுது. கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ."

"ஓம், குடிக்கிறன்," என்றார்.

அவருடைய கரகரப்பையே என் அட்டவணைக்குச் சாட்சியாக்கினேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டார். "தம்பி, இந்த முறை இஞ்ச நல்ல வெயிலடா. நேற்று நான் சட்டையோட வெளியில நிண்டனான். வாவன்."

நான் விடுவேனா? ஃபோனில் ஹம்பர்க்கைத் திறந்தேன். மைனஸ் நாலு, பனி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மைனஸ் நாலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "நேசண்ணையின்ர வெயில்" என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். லண்டன் சிரித்தது, டொரோண்டோ சிரித்தது. என் மகள் ஆரணி மட்டும், "அப்பா, தட்ஸ் மீன், பாவம் பெரியப்பா" என்றாள். கடைசியில் அண்ணனும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டார். அதற்குப் பிறகு அவர் என்னை வா என்று கேட்கவில்லை.

மார்ச்சில் இருந்து ஞாயிறுகளில் அண்ணிதான் ஃபோனை எடுத்தார். முதல் வாரம் அண்ணை வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் குளிக்கிறார். அதற்கடுத்த வாரமும் குளிக்கிறார். பிறகு அண்ணனிடம் இருந்து "ஓகே தம்பி" என்று எழுத்தில் மட்டும் வரும்.

என் மனைவி மாலினி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஒரு மனுசன் கிழமைக்கணக்கா குளிக்கிறானோ? எனக்கு இது சரியாப் படேல்ல. டிக்கெட்டை மாத்திக்கொண்டு இப்பவே போங்கோ."

"ஏப்ரலிலயோ? ஏப்ரலில அங்க..."

"உங்கட ஏப்ரலும் நீங்களும்!" என்று சொல்லிவிட்டுக் சமையல் பார்க்கக் குசினிக்குள் போனாள். நான் அட்டவணையில் ஏப்ரலைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். மஞ்சள். நியாயமாகப் பார்த்தால் போகக்கூடாத நிறம்.

ஜூன் பன்னிரண்டு வந்தது. கையில்லாத பனியன்கள், அரைக்கை சேர்ட்டுகள், அகலத் தொப்பி, வெயிலுக்குப் பூசுகிற கிரீம் இரண்டு போத்தல் என்று கட்டிக்கொண்டு ஏறினேன். ஹம்பர்க்கில் இறங்கியபோது பத்து டிகிரி, சரிந்து அடிக்கிற மழை. அங்கே ஜூன் நடுவில் குளிர் ஒருமுறை திரும்பி வருமாம். செம்மறி ஆடுகளுக்கு மயிர் வெட்டிய கையோடு வருவதால் ஆட்டுக்குளிர் என்று அதற்குப் பெயர்கூட உண்டு. என் அட்டவணையில் அது இல்லை. மயிர் வெட்டிய ஆடாக நான் வெளியே வந்தேன்.

அண்ணியும் அண்ணனும் நின்றார்கள். அண்ணன் மெலிந்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு அண்ணனைக் கண்டதும் நான் பேசிய முதல் வசனம் இது: "என்ன அண்ணை, வெயில் தாங்கேலாமலோ மஃப்ளர் கட்டியிருக்கிறியள்?"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் ஒருமுறை உப்பி அடங்கியது. பிறகு ஜாக்கெட் பையில் இருந்து பிள்ளைகள் எழுதுகிற ஒரு சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து எழுதிக் காட்டினார்: "சேர்ட் இந்தக் குளிருக்குக் காணாது. இதைப் போடு." எழுதிவிட்டுத் தன் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

காரில் அண்ணிதான் சொன்னார். தொண்டையில் புற்று. மார்ச் முதல் வாரத்தில் குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள்.

"அதுக்கு முதல் உங்களை ஒருக்கா வரப்பண்ணோணும் எண்டு நிண்டவர். தம்பியோட ஒரு கிழமை இருந்து கதைச்சிட்டுத்தான் வெட்ட விடுவன் எண்டு டொக்டரோடயும் சண்டை. பெப்ரவரி முழுக்க உங்கட வழியைப் பாத்தவர்."

நான் முன்சீட்டில் அண்ணனின் ஜாக்கெட்டோடு இருந்தேன். எனக்கு அழுகை வரமுதல் கோபம்தான் வந்தது. திரும்பி, "ஏன் அண்ணை சொல்லேல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பனே!" என்று கத்தினேன். அவர் பின்சீட்டில் பலகையை முழங்காலில் வைத்து, அவசரப்படாமல் ஆறுதலாக எழுதினார். எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எவ்வளவு நேரம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"நீ ஸ்டென்ட் வைச்சதை எனக்குச் சொன்னனியோ? பிறகு மாலினி சொல்லித்தான் தெரியும். குருவி எண்டாய்."

என் கோபம் போய்விட்டது. வழிநெடுக அழுதேன், வெட்கம் பார்க்கவில்லை.

பத்து நாட்கள் அங்கே இருந்தேன். அதில் எட்டு நாள் மழை. வாழ்நாள் முழுக்க அவர் பேச நான் கேட்டவன். இப்போது நான் பேச அவர் கேட்டார். கொட்டாவி வருகிற பேச்சு என்னுடையது, அது எனக்கே தெரியும். அவர் நாலு வரி எழுதுவார், பலகை நிரம்பும், அழிப்பார். பேச வைத்திருந்ததையெல்லாம் எழுத முடியாது என்று கையை விரிப்பார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கருவி ஒன்று வைத்தால் பேசலாம் என்கிறார்கள். அதில் வருவது யாரோ ஒருவருடைய குரல்.

நான் புறப்பட்ட நாள் காலை மழை நின்று, இருபத்தெட்டு டிகிரி வெயில் எறித்தது. விமான நிலைய வாசலில் அண்ணன் மேலே காட்டிவிட்டு எழுதினார்: "பார். நான் சொன்ன வெயில்." தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

நான் சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படத்தைக் குடும்பத்து லண்டன்காரன் ஒருவன் இப்போது ஸ்டிக்கராக்கிவிட்டான். குடும்பத்தில் யாராவது "பிறகு வாறன்", "பிள்ளையின்ர பள்ளிச் சோதனை முடியட்டும்" என்று இழுத்தால், உடனே குரூப்பில் மைனஸ் நாலு வந்து விழும். அதிகமாகப் போடுபவர் அண்ணன்தான். நான் பால் வாங்க நாள் பார்த்தால் மாலினிகூட அதை அனுப்புகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிற முகம் போடுகிறேன்.

அதற்கு மேலே, குரூப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனால், அந்தக் குரல் பதிவு இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் அதைக் கேட்கிறேன். அண்ணனின் குரலில் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இந்த முறை இஞ்ச நல்ல வெயிலடா, வாவன் என்கிறார்.