வார்த்தைக்கு எவ்வளவு, வக்கீல் சார்?

புதுமணப்பெண் சிக்கனமாக இருப்பதில் தவறில்லை. அந்தச் சிக்கனத்தை மாமனார் வீட்டார் பார்த்து மெச்ச வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த ஆசை வந்தது. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில், எங்கள் குடும்பத்தின் உறவுமுறையையே தலைகீழாகப் புரட்டிவிட்டேன்.

கண்டரமாணிக்கத்தில் பிறந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் சிவகாமி. கல்லூரியில் சேர்ந்தபோது வெறும் சிவகாமி கொஞ்சம் பட்டிக்காடாகத் தோன்றியதால், விண்ணப்பத்தில் சுந்தரியையும் சேர்த்துச் சிவகாமசுந்தரி ஆனேன். (கண்ணாடி அதற்கு ஒத்துழைக்கவில்லை என்பது வேறு விஷயம்.) எப்படியோ பட்டச் சான்றிதழிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது. படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, காரைக்குடி செக்காலைக்கு வாழ வந்த சில மாதங்களில் ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்தது. சான்றிதழ்களைப் பார்த்த தேவகோட்டை கல்வி அலுவலகத்தில், "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு நோட்டரி முன்னால பிரமாணப் பத்திரம் எழுதிக் கொண்டுவாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் சுந்தரத்துக்கு மின்சார அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. "நா கூட்டிட்டுப் போறேன் ஆத்தா, நீ வெசனப்படாத" என்றார் என் மாமனார் பெரியசாமி. நெல் வியாபாரி. மீசையும் வெள்ளைச் சட்டையுமாக, பார்த்தவுடன் எழுந்து நிற்கத் தோன்றும் தோற்றம். பத்திரத்துக்கான வாசகத்தைத் தாமே உட்கார்ந்து எழுதினார். ஆளுக்கு ஆள் 'உயர்திரு', பெயருக்குப் பெயர் 'அவர்கள்'. எழுதி முடித்து, மாமியாரை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தும் காட்டினார்.

அதைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் மீனாட்சி ஆச்சி. பினாங்கில் இருந்த வீட்டுப் பத்திரங்களுக்காக நோட்டரியிடம் போய்வந்தவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே என்னிடம் சொன்னார்: "இம்புட்டு நீளமா எழுதுனா எப்புடி? எங்களுக்கு வார்த்தைய எண்ணி எண்ணியில்ல காசு வாங்குனாக!"

அது போதாதா? தந்தி அடிப்பதில் நான் கெட்டிக்காரி. வார்த்தைக் கணக்கில் காசு என்றால், மாமனார் எழுதியிருப்பது தந்தியல்ல, தேர். 'வந்த மருமகள் முதல் காரியத்திலேயே காசு மிச்சம் பிடித்தாள்' என்று செக்காலை முழுக்கப் பேசுவார்கள் என்று எனக்குள் ஒரு கற்பனை ஓடியது.

வெள்ளிக்கிழமை தேவகோட்டை பஸ்ஸில் மாமனார் முன்னால் உட்கார்ந்து தூங்கினார். நான் பின்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். உயர்திரு போனது. நெல் வியாபாரம் போனது. 'இளைய மகனும் மின்சார அலுவலகத்தில் பணிபுரிபவருமான திரு' என்று ஒரு முழு வரி இருந்தது. வேலை செய்யும் இடமெல்லாம் எதற்கு? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு. கடைசியில், 'சிவகாமசுந்தரி என்ற பெயரில் என்னைத் தவிர வேறு நபர் யாரும் கிடையாது' என்று இருந்தது. 'என்னைத் தவிர' என்றாலும் 'வேறு' என்றாலும் ஒன்றுதானே? கூறியதையே கூறுவது குற்றம் என்று இலக்கணத்தில் படித்தவள் நான். 'என்னைத் தவிர' என்பதை அடித்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மறுபடி பார்த்தபோது 'வேறு' என்ற சொல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் அடித்தேன்.

கோர்ட்டுக்கு எதிரே, முத்திரைத்தாள் வாங்கி வந்த மாமனாரைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு, டைப் அடிப்பவரிடம் நானே தாளைக் கொடுத்தேன். நான் கோடு போடாமல் விட்டிருந்ததை மட்டும் அவர் தட்டித் தந்தார். பாதிப் பக்கம்கூட வரவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நோட்டரி வக்கீலின் அறையில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வக்கீல் ஐம்பது வயதுக்காரர், கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார். "நா சத்தமா வாசிக்கிறேன். சரியா இருந்தா எம் முன்னால கையெழுத்துப் போடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"கண்டரமாணிக்கம் முத்துக்கருப்பன் மகளும், காரைக்குடி செக்காலை பெரியசாமி அவர்களின் மனைவியுமாகிய சிவகாமி..."

வக்கீல் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக அறையைப் பார்த்தார். "பெரியசாமிங்கிறது யாரு?"

தம் பெயர் கேட்டதும் என் மாமனார் துண்டைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தேன்" என்றார்.

வக்கீல் அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தார். என் கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிற்றைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த ஒரு அம்மாள், "அடியாத்தி! மக வயசுகூட இருக்காதே" என்று கன்னத்தில் கை வைத்தார். அவர் பக்கத்தில் இருந்த பெரியவர், "வசதியிருந்தா வயசு எதுக்குப் பாக்குறாக" என்றார்.

மாமனாருக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயையோ! இது எம் மருமக சார்! எம் மகன் பொண்டாட்டி! எனக்கு வீட்டுல ஒருத்தி இருக்கா, நல்லா இருக்கா!" என்று அலறினார். அவ்வளவு பெரிய மீசை அப்படி நடுங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மாமனார் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியின் கடைசியில்தான் என் கணவரின் பெயர் இருந்திருக்கிறது. ஒரே இழுப்பில் மனுஷரையே அடித்திருந்தேன்.

"முழுசா எழுதுனதை எதுக்கும்மா வெட்டுனீக?" என்று கேட்டார் வக்கீல்.

"வார்த்தைக்கு எவ்வளவுன்னு... காசு மிச்சமாகுமேன்னு..." என்று இழுத்தேன்.

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அறையும் சேர்ந்து சிரித்தது. பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: "வார்த்தைய எண்ணிக் காசு வாங்குறது மொழிபெயர்ப்புக்கு. தமிழ்ப் பத்திரத்தை இங்கிலீஸ்ல மாத்தி நா கையெழுத்துப் போட்டா, நூறு வார்த்தைக்கு இவ்வளவுன்னு கணக்கு. கடன் சீட்டு பணமாகாமத் திரும்பி வந்து, பணம் வரலேன்னு அதுல நா குறிச்சுக் குடுத்தா, சீட்டுத் தொகையப் பொறுத்துக் கட்டணம். உங்க வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்குனா போக்குவரத்துத் தனி. உங்களுது பிரமாணப் பத்திரம். நாலு வரி எழுதுனாலும் நாப்பது வரி எழுதுனாலும் ஒரே கட்டணந்தேன். முத்திரைத்தாள் காசு சர்க்காருக்கு, டைப்புக் கூலி அவருக்கு. அது ரெண்டும் எனக்குச் சேராது."

"டைப்பு பக்கக் கணக்குத்தானே சார்? அதுலயாவது மிச்சமாகியிருக்குமே?" (விழுந்தவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போக வேண்டியதுதானே?)

மாமனார் எழுதிய தாளை அவர் வாங்கிப் பார்த்தார். "இதையும் ஒரு பக்கத்துலயே அடிச்சிருக்கலாம். அரைப்பக்கம் அடிச்சாலும் ஒரு பக்கத்துக் கூலிதான்." அப்புறம் என் தாளின் கடைசி வரிக்கு வந்தார். அவர் புருவம் மறுபடி ஏறியது. "'சிவகாமசுந்தரி என்ற பெயரில் நபர் யாரும் கிடையாது.' அப்ப பட்டம் வாங்குனது யாரு? இதுல நா முத்திரை குத்துனா, வேலைக்கு வர ஆளே இல்லேன்னு நீங்களே சத்தியம் பண்ணுன மாதிரி ஆயிருமே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. புது முத்திரைத்தாள் வேண்டும், டைப் அடிப்பவரிடம் வரிசை நிற்கிறது, அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். நானே என்னை இல்லாமல் ஆக்கிவிட்டு, வேலையையும் அடுத்தவளுக்குத் தூக்கிக் கொடுக்கப்போகிறேன்.

மாமனார் அதட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். முத்திரைத்தாளோடு திரும்பி வந்து, டைப் அடிப்பவரின் தோளுக்கு மேலே நின்று, "உயர்திரு விட்டுப்போச்சு, உயர்திரு போடுங்க" என்று ஒரு சொல் விடாமல் அடிக்கவைத்தார். மகனின் பெயர் வந்த இடத்தில் இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். இந்த முறை வக்கீல் வாசித்தபோது பெஞ்சிலிருந்த அந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். நான் யார் மனைவி என்று தெளிவானதும் அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

முதல் வாசிப்புக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பாரோ என்று நான் பயந்தேன். "அதுல முத்திரை குத்தலையே, எதுக்குக் காசு?" என்று ஒரு கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார். ஆக, என் சிக்கனத்தால் ஒரு முத்திரைத்தாளும் ஒரு டைப்புக் கூலியும் தண்டம். அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்தப்போன நேரத்தில் பத்திரத்தை நீட்டினோம். வேலை தப்பித்தது.

"வீட்டுல இதச் சொல்ல வேணாம் ஆத்தா" என்று திரும்பும் பஸ்ஸில் மாமனார் கெஞ்சினார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் பெஞ்சிலிருந்த அம்மாளுக்குச் செக்காலையில் சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். மறுநாள் காலை பலகாரம் சாப்பிடும் நேரத்துக்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

என் மாமியார் கோபப்படுவார் என்று அடுப்படிக்குள் ஒளிந்தேன். அவரோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனாரிடம், "நல்லதாப் போச்சு. இனிமே ஒங்களுக்கு வெந்நி வெக்கிறது, வேட்டி தொவைக்கிறது எல்லாம் சின்னவ பாடு. நா மூத்தவ, ஒக்காந்து திங்கப்போறேன்" என்றார். மாமனார் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து நெல் மண்டிக்குப் போய்விட்டார்.

என் கணவர் அதற்கும் மேலே போனார். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் மகனுக்கு என்ன முறை? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, "சின்னம்மா, காப்பி கெடைக்குங்களா?" என்றார்.

அன்று ஒட்டிக்கொண்ட 'சின்னம்மா' இன்றுவரை போகவில்லை. மாமனாரும் மாமியாரும் கடைசிவரை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். நான் ஓய்வு பெற்ற நாளன்று பள்ளியில் நடந்த விழாவில் என் கணவரையும் மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பழக்க தோஷம். மைக்கைப் பிடித்தவர், "எங்க சின்னம்மா இந்தப் பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். மண்டபமே விழித்தது. வேறு வழியில்லாமல், நோட்டரி முதல் பென்சில் வரை முழுக் கதையையும் அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

கைத்தட்டல் அடங்கியதும், முன்வரிசையிலிருந்த எங்கள் பேத்தி எழுந்து நின்று கேட்டாள்: "தாத்தா, அப்பத்தா ஒங்களுக்குச் சின்னம்மான்னா, நா ஒங்களுக்கு என்ன முறை வேணும்?"

மேடையில் உட்கார்ந்தபடியே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இன்னும் முடித்தபாடில்லை.