பானெட் பண்டிதர்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இவரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, உள்ளிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்து நீங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போது, அதுவரை ஆள் நடமாட்டமே இல்லாத அந்தச் சாலையில் எங்கிருந்தோ முளைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, உங்கள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, "ம்ம்" என்பாரே, அவர்தான். நான் அவருக்குப் பானெட் பண்டிதர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதைவிட மோசமான பெயர்களும் கைவசம் உண்டு. அவை அச்சில் வராது.

பண்டிதர் முதலில் கேட்பது, "வண்டி எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கு?" நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் முகம் வாடும். அடுத்து, "இதுக்கு முன்னாடி யாரு பாத்தா?" நீங்கள் யாரைச் சொன்னாலும், "அவன்கிட்டயா விட்டீங்க?" என்பார். அந்த மெக்கானிக்கை அவருக்குத் தெரியுமா? தெரியாது. எதற்குத் தெரிய வேண்டும்? பிறகு குனிந்து, ஏதோ ஒரு குழாயைத் தொட்டு, சுட்டுக்கொண்டு, விரலை உதறி, "சூடா இருக்கு" என்று அறிவிப்பார். அதற்காகத்தானே ஐயா வண்டியையே நிறுத்தினோம்?

அப்புறம் தீர்ப்பு. என்றோ ஒருநாள் அவருடைய வண்டிக்கோ அவருடைய சித்தப்பா வண்டிக்கோ ஒரு கோளாறு வந்திருக்கும். அன்றிலிருந்து உலகத்தில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் அந்த ஒரே கோளாறுதான். சித்தப்பாவுக்கு வாட்டர் பம்ப் போயிருந்தால் உங்களுக்கும் வாட்டர் பம்ப். பம்பை மாற்றியும் சூடு குறையவில்லையா? பம்ப் மட்டமான பம்ப். தான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்ற ஒரு கோளாறு மட்டும் அவர் பட்டியலில் கிடையாது.

வழியில் வருகிற பண்டிதரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருந்தால் என்ன செய்வது? என் தங்கைக்கு அப்படித்தான் வாய்த்தது.

தங்கை அரசு அலுவலகத்தில் எழுத்தர். கார் அவளுடையது, பதினெட்டு வயதான கார், அவளுடைய மேலதிகாரி கழித்துவிட்டதை வாங்கினாள். சில மாதங்களாக அந்த வண்டிக்கு ஒரு நோய். சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். நெரிசலில் நான்கு நிமிடம் நின்றால் சூடு காட்டும் ஊசி மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டைத் தொடும். மறுபடி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கையின் கணவருக்கு, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பண்டிதர். ஒரு ஞாயிறு வாட்டர் பம்பை மாற்றினார். அடுத்த ஞாயிறு ரேடியேட்டர் மூடியை. அதற்கும் அடுத்த ஞாயிறு, தண்ணீரை எப்போது ரேடியேட்டருக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்கிற தெர்மோஸ்டாட் என்னும் சின்ன வால்வைப் பிடுங்கி எடுத்து, "இது இல்லாமலே ஓடும் மச்சான், கம்பெனிக்காரன் சும்மா வெச்சிருக்கான்" என்று என்னிடம் காட்டிவிட்டு, கழுவித் துடைத்து, வரவேற்பறை ஷோகேஸில் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசியாக ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி சுற்றாமல் கிடப்பதைக் கண்டுபிடித்து, புது வயர் இழுத்து, சாவி ஸ்விட்ச் வழியாகப் பேட்டரியோடு இணைத்தார். சாவியைத் திருப்பியதும் விசிறி விர்ரென்று சுற்றியது. தெருவே கூடி நின்று பார்த்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்ட துணியைக்கூட ஒருவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

ஊசி மட்டும் பழையபடி ஏறியது. "அதெல்லாம் செட் ஆகும்," என்றார்.

"என்னங்க, ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே?" என்று தங்கை கேட்டாள்.

"எதுக்கு? எல்லாம் புதுசு. அவன் வேற என்ன பண்ணுவான்?"

இந்த நிலையில்தான் தங்கைக்குத் துறைத் தேர்வு வந்தது. தேறினால் கண்காணிப்பாளர். இரண்டு முறை எழுதித் தவறியவள்; வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி, தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களுக்குக் கோப்பு தூக்க வேண்டியதுதான். ஆறு மாதம் அடுப்பங்கரையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். தேர்வு மையம் பக்கத்து ஊரில். பத்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றாள். மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்ல கார வெச்சிக்கிட்டு பஸ்லயா?"

ஏழரைக்குக் கிளம்பினோம். அவர் ஓட்ட, அவள் முன்னால் குறிப்பேட்டோடு, நான் பின்னால். எட்டரைக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ். விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஊசி சிவப்பைத் தொட்டது, ஆவி கிளம்பியது, பானெட் உயர்ந்தது.

கேட்டில் காத்துக் கிடக்கும் கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். சட்டைப்பையில் நான்கு பேனா குத்திய ஆசாமி ஒருவர் வந்தார். ஸ்கூட்டரில் இருந்தபடியே ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார்."

"இல்லைங்க, ரேடியேட்டர் அடைப்பு. என் வண்டிக்கும் இப்படித்தான்."

"ஃபேன் வேலை செய்யுதா?"

"சுத்துது பாருங்க," என்றார் மாப்பிள்ளை, பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல.

எல்லோரும் பார்த்தார்கள். சுற்றியது. சுற்றுகிற விசிறியை யார் சந்தேகப்படுவார்கள்? விசிறியை ஒதுக்கிவிட்டு, கேஸ்கெட் என்னும் இன்ஜின் தகட்டுக்கும் ரேடியேட்டர் அடைப்புக்கும் இடையே சண்டையைத் தொடர்ந்தார்கள். தங்கை இரண்டு தடவை "என்னங்க, மணி" என்றாள். "ரெண்டே நிமிஷம்" என்று இன்ஜினைப் பார்த்தபடியே பதில் வந்தது. அவள் அடுத்து என்னைப் பார்த்திருக்க வேண்டும். நான் அப்போது எங்கே இருந்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

கேட் திறந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. "ஓரமா தள்ளுங்க, தள்ளுங்க" என்று எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளி வழி விட்டோம். பஸ் போயிற்று. பேனாக்காரர்கூடத் தன் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். தீர்ப்புத் தெரியாமல் எப்படிப் போவது? இன்னும் அரை மணி நேரம் கழித்து இன்ஜின் தானாகவே ஆறியது. மாப்பிள்ளை பானெட்டை மூடி, வேர்வையைத் துடைத்து, "முடிஞ்சுது. ஏறு, போலாம்" என்றார்.

முன் இருக்கை காலியாக இருந்தது. என் கைபேசியில் செய்தி வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது: "பஸ்ல போறேன் அண்ணா. நீங்க எல்லாரும் சேந்து வழி விட்டீங்களே, அந்த பஸ்தான்."

கதவடைக்க நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்விட்டாள் என்று மாலையில்தான் தெரிந்தது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கு இறங்கியது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள், நானும் போனேன். ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. முன்னால் யார் பார்த்தது என்றும் கேட்கவில்லை.

"நிக்கும்போது சூடாகுதா, ஓடும்போதாம்மா?"

"நிக்கும்போதுதாண்ணே."

இத்தனை மாதத்தில், இத்தனை பண்டிதர்களில், அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இன்ஜினை ஓட விட்டு, "ஒரு தாள் குடுங்க" என்றார். தங்கையின் பையில் முந்தைய நாள் வினாத்தாள்தான் இருந்தது. அதை வாங்கிக் காரின் முகப்புக் கம்பிகளுக்கு முன்னால் பிடித்துக் கையை விட்டார். தாள் கம்பியில் ஒட்டவில்லை. எதிர்ப்பக்கமாகப் பறந்து தங்கையின் காலடியில் விழுந்தது.

"ஒட்டிக்கணும். ஃபேன் வெளிக்காத்த உள்ள இழுக்கணும். இது தலைகீழா சுத்தி வெளிய தள்ளுது. ஓடும்போது எதிர்க்காத்து சமாளிச்சிடுது, நின்னா அதுவும் இல்ல. வயரை மாத்திக் குடுத்திருக்காங்க," என்றார். இரண்டு வயர்களையும் இடம் மாற்றினார். தாள் கம்பியில் அப்பிக்கொண்டது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "தெர்மோஸ்டாட் எங்கம்மா?" என்றார்.

"ஷோகேஸ்ல இருக்குண்ணே," என்றாள் தங்கை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னோம். மாப்பிள்ளை இம்மியும் அசரவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, ஃபேன்லதான் ஏதோ இருக்குன்னு." இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. தங்கை தேறிவிட்டாள். அதற்கும் அவர்தான் காரணமாம். கார் நின்றதால் பஸ்ஸில் நிம்மதியாகப் படிக்க முடிந்ததாம். தங்கை இப்போது கண்காணிப்பாளர். பானெட்டைத் திறக்கிற கைப்பிடியை முதல் வேலையாகக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். நல்ல நிர்வாகம்.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டுமல்லவா? பானெட்டுக்கு அடியில்தான். ஹெட் கேஸ்கெட் என்று முதலில் சொன்ன குரல் லாரிக்காரருடையது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. சொந்தத் தங்கை என் முதுகுக்குப் பின்னால் பஸ் ஏறிப் போனது தெரியாமல், பேனாக்காரரோடு அடைப்பா கேஸ்கெட்டா என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என்னை ஏளனமாகப் பார்க்கிறீர்கள். பாருங்கள், உரிமை உண்டு. ஆனால் நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும் என்று நான் சொன்ன இடத்தில், அந்தக் காரைக் கண்ணால் பார்க்காத நீங்கள், மனத்துக்குள் ஒரு கோளாறின் பெயரைச் சொல்லிக்கொண்டீர்களே, அது என்ன பெயர்? சரியாகச் சொன்னவர்கள்தான் இன்னும் ஆபத்து. உங்கள் வீட்டுக் காரில் முன் இருக்கை காலியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.