நாற்பதாவது வீடு

படித்த படிப்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். இது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சரக்கு லாரி கம்பெனியில் எனக்கு வேலை. எந்த லாரி எந்தக் கடைக்கு முதலில் போனால் டீசல் மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். தங்கை கவிதாவின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததும் (அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு, அப்பா வெளியூரில்) நாற்பது வீட்டு முகவரியையும் ஆபீஸ் சாப்ட்வேரில் போட்டேன். மந்தைவெளியில் கிளம்பி மயிலாப்பூர், நந்தனம், தி.நகர், அடையாறு என்று சுற்றி மந்தைவெளிக்கே திரும்பும் அழகான வட்டம் வந்தது. அம்மாவின் ஒரே தம்பி, பக்கத்துத் தெரு ராஜு மாமா, அதில் நாற்பதாவது. மாமா வீட்டுக்கு மொதல்ல போய்டுடா என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

காலையில் மாமா தெரு வழியாகத்தான் ஸ்கூட்டரில் போனேன். முதல் பத்திரிகை உனக்குத்தான் என்று அம்மா போனில் சொல்லியிருந்ததால், அவர் வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் நின்றிருந்தார். கையசைத்துவிட்டு வேறு போனேன் (அறிவுகெட்டவன்). சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்திரிகையை நீட்டியபோதும் அதே வெள்ளை வேட்டிதான்.

"இது எத்தனாவது வீடுடா?"

"நாப்பது மாமா. இதான் ஷார்ட் ரூட்."

பெருமையாக மேப்பைக் காட்டினேன். பார்த்தார். காபி சாப்ட்டுப் போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மாமா கையைப் பிடித்துக்கொண்டுதான் மணமேடைக்கு வருவேன் என்று கவிதா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் நெருங்கியும் அவர் வரவில்லை. கடைசியில் நான்தான் கூட்டிப்போனேன். அவள் கை என் கையில் இருந்தது, கண் வாசலில் இருந்தது. மாமா கடைசிப் பந்திக்கு வந்து, சாப்பிட்டு, அவளை ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அது வட்டம். தலைகீழாகச் சுற்றியிருந்தால் மாமா வீடுதான் முதல் வீடு. ஒரு மீட்டர்கூடக் கூடியிருக்காது. மருந்துப் பெட்டி முதலில் இறங்க வேண்டும் என்று லாரிக்கு நிபந்தனை போடத் தெரிந்தவனுக்குத் தாய்மாமனுக்கு ஒன்று போடத் தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லேட்டாக வருபவருக்குப் பெயரே 'நாப்பது'தான். போன மாதம் கவிதா மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில்தான் உட்கார வேண்டும். முதல் பத்திரிகை ராஜு மாமாவுக்குப் போனது. எனக்கு வந்தது சாயங்காலம், உறையின் மூலையில் 40 என்று எழுதி.

"ஷார்ட் ரூட்ணா," என்றாள் கவிதா.

கூடவே வந்திருந்த மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். காலையிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.