விழுந்தவன் வெளியே போய் உட்கார வேண்டும்

எனக்குத் தெரியாத ஒரு விளையாட்டைத் தெரியும் என்று சொன்னேன். அதனால் வந்த பழியை இன்னொருவர் தலையில் இறக்கினேன். அவருக்கு வேலை போயிற்று. மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடுகிற இந்தச் சங்கதியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. (பொய்யைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.)

நான் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அங்கே சனிக்கிழமையானால் டிவியில் காலேஜ் பையன்கள் ஆடும் ஃபுட்பால். நம் ஊரில் காலால் உதைக்கிற பந்து இல்லை அது. உரித்த தேங்காயை இழுத்து நீட்டியது போல ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். மகனும் மருமகளும் கூச்சல் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நான் சோபாவில் கால் நீட்டி வாய் திறந்து தூங்குவேன். கூச்சல் பலமானால் முழிப்பு வரும். முழிக்கும்போதெல்லாம் ஒருவன் கீழே கிடப்பான். நாலைந்து பேர் மைதானத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருப்பார்கள். மறுபடி கண் சொருகிவிடும். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கிருந்த மொத்த ஞானமும் இவ்வளவுதான்.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்ததும் அந்த ஞானம் வளர ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீக்குக் கொஞ்சமாக வளர்ந்து, ஆவணி மாதத்துக்குள் நான் ஒரு மேட்சைக்கூட விடாமல் பார்த்தவனாகி, ஒரு கோச்சுக்குக் கை கொடுத்தவனும் ஆகிவிட்டேன். (கை கொடுத்தது உண்மை. அவர் என் மகன் வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர்.)

இந்தப் புகழ் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியின் தாளாளர் காதுக்குப் போயிற்று. அட்மிஷன் குறைந்துபோய், மற்ற கல்லூரிகளில் இல்லாத ஏதாவது ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்த நேரம். மறுவாரமே பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் எழுந்தது: ‘தென்மாவட்டத்தில் முதன்முறையாக அமெரிக்கன் ஃபுட்பால்!’ ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரன் பந்தோடு பறந்துகொண்டிருக்க, அவனை வரவேற்பது போலத் தாளாளர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில், ஆலோசகர் என்ற பட்டத்தோடு, பாஸ்போர்ட் போட்டோவில் நான்.

பயிற்சி கொடுக்க வேண்டியவர் அந்தக் கல்லூரியின் பி.டி. மாஸ்டர் பேச்சிமுத்து. மேலநீலிதநல்லூர்க்காரர். நல்ல கபடி ஆட்டக்காரர். பல வருஷமாகத் தற்காலிக வேலையிலேயே இருந்தார். ஊரில் ஒரு வீட்டைச் சுவர் மட்டத்துக்குக் கட்டி நிறுத்தியிருந்தார். நிரந்தர வேலைக்கான ஆர்டரைக் காட்டினால்தான் பேங்கில் மேற்கொண்டு கடன் தருவார்களாம். தாளாளர் என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்: “சீசன்ல மூணு மேட்ச். ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுக் காட்டுங்க மாஸ்டர். மறுநாளே உங்களை நிரந்தரமாக்கிடறேன்.”

அன்று சாயங்காலமே மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு இந்த விளையாட்டுல ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கண்ணால பார்த்தவரு. நீங்க சொல்லுததை அப்படியே பயலுகளுக்குச் சொல்லிருதேன்.”

“தாராளமா கேளுங்க மாஸ்டர்.”

“பந்து வச்சிருக்கவனை அமுக்கிக் கீழ தள்ளிட்டாவோ. சரி. அடுத்தால என்ன?”

அந்த இடத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி கோமதி காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். வெளியே போய்க்கொண்டிருந்த அந்த நாலைந்து பேர் என் கண்முன் வந்தார்கள்.

“விழுந்தவன் அவுட். வெளிய போய் உக்காந்திரணும்,” என்றேன்.

மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம கபடி! பாயிண்ட் எடுத்தா உள்ள வரலாமோ?”

“பின்னே?” என்றேன் நான்.

இந்தக் காலத்துப் பையன்கள் போனில் பார்த்துக் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தார்கள். அமெரிக்க மேட்சுகளை எல்லாம் பார்த்துவிட்டு கேப்டன் செல்லத்துரை வந்து சொன்னான்: “சார் சொன்னது கரெக்ட் மாஸ்டர். ஒருத்தன் விழுந்ததும் ஆளுக போயிட்டே இருக்கானுவோ.” ஒவ்வொரு முறை ஆட்டம் நின்றதும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த விளையாட்டில் சாதாரண விஷயம். வெளியே போகிறவர்கள் அதற்காகப் போகிறார்கள். விழுந்தவன் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு அங்கேயே ஆடலாம். இது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. எனக்கு என்றால், எனக்கும் கேலரியில் இருந்த ஊர் மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில்.

முதல் மேட்ச் கார்த்திகையில், எங்கள் மைதானத்தில், மதுரைக் கல்லூரி ஒன்றோடு. முந்தின நாள் மழை. கரிசல் மண் பற்றி அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பத்தடி நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு பானை மண் ஏறிவிடும். நம் பையன்கள் தோளில் பட்டை, தலையில் கம்பி போட்ட ஹெல்மெட்டோடு இறங்கினார்கள். “கோழிக்கூட்டைத் தலையில கவுத்திட்டு வாரானுவோ,” என்றது ஜனம். எனக்கு மேடையில் தாளாளர் பக்கத்தில் நாற்காலி. கழுத்தில் மாலை. (நம்ம ஊர்ப் பிச்சிப்பூ. கழற்ற மனசே வரவில்லை.)

விசில் ஊதினார்கள். செல்லத்துரை பந்தோடு ஓடினான். மதுரைக்காரர்கள் அமுக்கினார்கள். அவன் எழுந்தான், பந்தை மரியாதையாகக் கீழே வைத்தான், மண்ணை உதறிக்கொண்டு வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அடுத்தவன் ஓடினான், விழுந்தான், போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்றாவது ஆள் போனதும் சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் பதறிவிட்டார். எல்லாருக்கும் அடி என்று நினைத்து முதலுதவிக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தால், பையன்கள் வரிசையாக உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

பந்து எதிரணிக்குப் போனபோது இன்னும் மோசம். நம் பையன்கள் கபடிக்காரர்கள் அல்லவா, பிடி உடும்புப்பிடி. மதுரைப் பையன் ஒருவனைத் தூக்கி மண்ணோடு மண்ணாக அறைந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் எழுந்து மறுபடியும் தன் இடத்தில் போய் நின்றான்.

“ஏலே, நீ அவுட்டுலே. வெளிய போ.”

“எதுக்குடா போகணும்?”

“விழுந்துட்டல்லா? ரூலு தெரியாமயா மதுரையில இருந்து வண்டி ஏறி வந்த?”

அவன் நடுவரைப் பார்த்தான். நடுவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மேடையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் மாலையில் ஒரு பூவைச் சரிசெய்தேன்.

கொஞ்ச நேரத்தில் நம் பக்கம் பதினொரு பேரில் நாலு பேர்தான் மிச்சம். மாற்று ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் யாராவது பாயிண்ட் எடுத்தால்தானே உள்ளே போகலாம்? மதுரைக்காரர்கள் காலாற நடந்தே பந்தைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அவர்கள் பக்கத்துப் பாயிண்டை எழுதியெழுதிச் சாக்பீஸ் தீர்ந்துபோய், ஒருத்தரை வாங்கிவர அனுப்பினார்கள்.

இடைவேளையில் நடுவர் தாளாளரிடம் நடந்ததை விளக்கினார். தாளாளருக்கு முகம் கறுத்துவிட்டது. மாஸ்டரைக் கூப்பிட்டார்.

“விழுந்தவன் வெளிய போகணும்னு யாரு சொன்னது?”

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வகுப்பில் தேவை, வழங்கல் பாடம் நடத்துகிற அதே நிதானமான குரல். “நான் சரியாத்தான் சொன்னேன் சார். மாஸ்டர் கபடிக்காரர் இல்லையா? பழக்கத்துல மாத்திச் சொல்லிக் கொடுத்துட்டார் போல.”

மாஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இல்லை. வழி கேட்கிற ஆள் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு, “ஆமா சார். நான்தான் மாத்திட்டேன்,” என்றார்.

மிச்ச சீசனுக்கு என்னையே பொறுப்பாளர் ஆக்கினார் தாளாளர். மாஸ்டருக்குத் தண்ணீர்க் கேன் தூக்குகிற வேலை. பட்ட அடியில் நான் எதிர்த்திசையில் கவனமாகிவிட்டேன்: “என்ன நடந்தாலும் ஒருத்தனும் வெளிய வரக் கூடாது.” கோவையில் நடந்த இரண்டாவது மேட்சில் மாற்று ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள், பழையவர்கள் என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். பதினொரு பேர் மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் கும்பல் கூடிக்கொண்டே போனதில் அபராதத்துக்கு மேல் அபராதம். மூன்றாவது மேட்ச் சென்னையில். அதில் தோற்பதற்கு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. சீசன் முடிந்தது. சித்திரையில் மாஸ்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

ஒரு வருஷம் அதை மறந்தவன் மாதிரி நடமாடினேன். ஒருநாள் கடைவீதியில் இரண்டு பேர் அவரைப் பார்த்து, “அவுட்டு மாஸ்டர் போறாருடே,” என்று சிரித்ததைக் கேட்டேன். அவர் கேட்காதது போலப் போய்விட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கோமதி கேட்டாள், இடைவேளையில் பழியை மாஸ்டர் மேல் போட்டதைச் சொன்னேன். “இதையா இத்தனை நாளும் வயித்துக்குள்ள வச்சிருந்திய? போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல டிவி கிடையாது,” என்றாள்.

தாளாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேலை போனவருக்காகப் பழியை நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க, இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் சார்?” சத்தியம் செய்தேன். இன்னும் உருகிப்போய், ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார். நான் மைக்கைப் பிடுங்கி, “நான் பொய் சொன்னவன்,” என்றேன். பலத்த கைதட்டல். என்னுடைய அடக்கத்தைப் பார்த்து ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் மேலநீலிதநல்லூருக்குப் பஸ் ஏறினேன். மாஸ்டர் வீட்டில்தான் இருந்தார். அவர் மனைவி செம்பு நிறைய மோர் கொடுத்தார். “குடிங்க சார், வெயில்ல வந்திருக்கிய. குடிச்சிட்டு, எங்க வீட்டுக்காரர் வேலை எப்படிப் போச்சுன்னு நீங்களாவது சொல்லுங்க. இவரு இன்னும் சொன்னபாடில்ல.” சொன்னேன். அந்த அம்மா செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“நீங்க ஏன் மாஸ்டர் அப்பவே மறுத்துச் சொல்லல?” என்றேன்.

“அத்தனை பேருக்கு முன்னால உங்களைப் பொய்யன்னு சொல்லச் சொல்லுதியளா? சாயங்காலம் தனியா போய்த் தாளாளர்ட்ட சொல்லிருவியன்னு நெனச்சேன், அண்ணாச்சி.”

அவர் என் மேல் வைத்த நம்பிக்கை அவ்வளவுதான். ஒரு சாயங்காலம். அதற்குக்கூட நான் லாயக்கில்லாமல் போனேன்.

அடுத்த வாரம் செல்லத்துரையையும் மற்ற பையன்களையும் கூட்டி உண்மையைச் சொன்னேன். செல்லத்துரை தலையைச் சொறிந்தான். “எங்களுக்குத் தெரியும் சார். மாஸ்டர் சொல்லிக்கொடுக்கையில நீங்க பக்கத்துல நின்னுல்லா தலையாட்டுனிய. வயசானவரு, விட்ருங்கலேன்னு மாஸ்டர்தான் சொல்லிட்டாரு.”

அவர்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி தாளாளரிடம் போனேன். அத்தனை பேர் ஒரே குரலில் நான் பொய்யன் என்று சாட்சி சொன்ன பிறகுதான் மனிதர் நம்பினார். பழைய வேலையைத் தருவதாகவும், நிரந்தரமாகவே தருவதாகவும் ஒப்புக்கொண்டார். அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு வாசுதேவநல்லூருக்கு ஓடினேன். மாஸ்டர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி. இங்கன சம்பளம் கம்மிதான். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துல அமெரிக்கா போய்ட்டு வந்தவுக யாரும் கிடையாது. நிம்மதியா இருக்கேன்.”

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. போன மாதம் மகன் போன் செய்து, இந்த வருஷம் டிக்கெட் போடட்டுமா அப்பா என்றான். நான் பதில் சொல்வதற்குள் கோமதி போனை வாங்கிவிட்டாள்.

“வேண்டாம்ப்பா. உங்கப்பா ஒரு தடவை வந்துட்டுப் போனதுக்கே இங்க ஒரு வாத்தியாருக்கு வேலை போச்சு. மிச்சம் இருக்கவுக பிள்ளைகுட்டிக்காரவுக.”