அடுத்த பாயிண்ட் பிரமாதம்

மனிதர்களில் ‘அடுத்த பாயிண்ட்காரர்’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் நீங்கள் ரசித்துச் சாம்பார் சாதம் சாப்பிடும்போது, “இதோட நிறுத்துங்க, இங்க ரசம்தான் விசேஷம்” என்பார். ரசம் வந்ததும், “பாயசத்துக்கு வயித்துல இடம் வைங்க” என்பார். பாயசம் வரும்போதோ, பீடா எந்தப் பக்கம் தருகிறார்கள் என்று எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கெட்டவரா? சேச்சே. தங்கமான மனிதர். எதிரில் இருப்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

நெய்வேலி நகரியத்தில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி செந்தில்நாதன். நாமக்கல் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் ஷிப்ட் இன்சார்ஜ். அங்கே பழுப்பு நிலக்கரி கண்ணில் படுவதற்கு முன்னால், பனைமரத்தைப் போல் பல மடங்கு ஆழத்துக்கு மண்ணை வாரித் தள்ள வேண்டும். மேல்மண் என்பார்கள். அதை யாரும் நின்று ரசிப்பதில்லை. வருஷக்கணக்காக அதையே வாரித் தள்ளியவருக்கு உலகமே மேல்மண்ணாகத் தெரிய ஆரம்பித்துவிட்டதென்றால், அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

2017 தை மாதத்து ஞாயிறு ஒன்றில், தங்கள் பிளாக்வாசிகளுக்குக் கடற்கரையோர நடைப்பயணம் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தார். மணல்வெளி, அலையாத்திக் காப்புக்காடு, கடைசியில் ஆதிகாலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களை வைத்துப் புதைத்த ஈமத்தாழிகள். ‘தாழிதான் ஹைலைட். மத்ததெல்லாம் போற வழி’ என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

அவர் மனைவி வளர்மதிக்குத் தாழியும் வேண்டாம், காடும் வேண்டாம். முழங்கால் நனையக் கடலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமாகி குவார்ட்டர்சுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறாள். பஸ் ஏறினால் கடலூர். ஆனாலும், “அதெல்லாம் ஒரு பீச்சா? கன்னியாகுமரிக்கே கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது ராஜஸ்தான் புராஜெக்ட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வாரம் ரயில். அங்கே மணல் உண்டு, கடல் கிடையாது.

குள்ளஞ்சாவடியில் டீக்கு வேனை நிறுத்தச் சொன்னார்கள். “கடலூர்ல டீ பிரமாதமா இருக்கும்” என்றார். கடலூர் வந்ததும் நேரமாகிவிட்டது என்றார். டீ போயிற்று.

கடற்கரையில் கால் வைத்ததும் வளர்மதி செருப்பைக் கழற்றினாள். “ஏனுங்க, இங்கயே இறங்கிக்கட்டுங்களா?”

“இங்க அலையே சரியில்ல. தாழி பாத்துட்டு இறங்கினா கடல் பிரமாதமா இருக்கும்.”

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அலையாத்திக் காட்டோரம், பக்கத்து வீட்டுக் குஞ்சிதபாதம் நின்றுவிட்டார். கடலூர் மண்ணிலேயே பிறந்தவர். “சார், வந்து பாருங்க சார்! எம்மாம் பெரிய நாரை, மீனக் கவ்விகினு நிக்குது!”

“வழியில நிறைய வரும், வாங்க.”

நாரை அவருக்காகக் காத்திருக்குமா என்ன?

வெயில் ஏறிவிட்டது. சவுக்குத் தோப்பு நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். மணலில் வட்ட வட்டமாகச் சிவப்பு விளிம்புகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. “பழைய கிணத்து உறை. நல்ல வசதி” என்று செந்தில்நாதனே ஒரு விளிம்பின்மேல் பொட்டலத்தை வைத்துச் சாப்பிட்டுக் காட்டினார், பின்னால் நின்ற நீலப் பலகையின்மேல் துண்டை உதறிக் காயப்போட்டார், கை கழுவிய ஈரம் உலர்வதற்குள், “கிளம்புங்க, தாழி அடுத்த பாயிண்ட்!” என்று கூட்டத்தை விரட்டினார்.

வளர்மதி மட்டும் நகரவில்லை. “நீங்க போங்க. கால் வலிக்குது.” கால் வலிக்கவில்லை, மனசுதான் வலித்தது. துண்டை மறந்துவிட்டுப் போகிறாரே என்று எடுத்தாள். அடியில் எழுத்து தெரிந்தது: ‘ஈமத்தாழிகள் உள்ள இடம். சேதப்படுத்தாதீர்.’

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு குனிந்து, விளிம்பில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளைத் துடைத்தெடுத்தாள். செருப்பைப் பலகையடியில் விட்டாள். தோப்பைத் தாண்டிக் கடலை நோக்கி நடந்தாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

வெறும் மணல் மேட்டையும் ஓர் இறால் பண்ணை வேலியையும் தரிசித்துவிட்டு, நாக்கு வறண்டு கூட்டம் திரும்பியது. பலகையை முதலில் படித்தவர் குஞ்சிதபாதம். “சார், நாம குந்திகினு துன்னுட்டுப் போனது இன்னா எடம்னு படிங்க சார்.”

செந்தில்நாதன் படித்தார். காது சிவந்தது. ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தவர், கீழே செருப்பு மட்டும் கிடப்பதைப் பார்த்தார். பதறிக்கொண்டு கடலை நோக்கி ஓடினார்.

முழங்கால் நனைய, புடவையைத் தூக்கிச் செருகி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள் வளர்மதி. இவ்வளவு அழகாக அவளை அவர் பார்த்ததே இல்லை. நின்றார். நிஜமாகவே நின்றார். இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டோமே என்றிருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லத் தவித்தார். சொன்னார்:

“வளரு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா அலை பிரமாதமா இருக்குமே!”

“அந்த அலைய நீங்க போய்ப் பாருங்க. எனக்கு இதுதானுங்க கடல்.”

இந்த இனத்தை நீங்கள் ஊரெல்லாம் தேடி அலைய வேண்டாம். அவள் அங்கே ஆசைதீர நின்றுகொண்டிருக்கும்போதே, ‘சரி, அப்புறம்? அவரும் இறங்கினாரா?’ என்று உங்கள் கண் அடுத்த வரிக்குத் தாவிவிட்டதே, கவனித்தீர்களா? எதற்கும், உங்கள் துண்டு எந்தப் பலகையின்மேல் காய்கிறது என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.