நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவனிடம் மட்டும் காரை ரிப்பேர் செய்யக் கொடுக்காதீர்கள். நானே அதைப் படித்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி நாலு மாதம். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருந்த மாமனாரின் பழைய அம்பாசிடர், பின் ஆக்சில் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம் என் மச்சினன் செந்திலுக்குப் பெண் உறுதி செய்யப் போக வேண்டும். பெண்ணின் அப்பா ஏற்கெனவே அரை மனதாக இருந்தார். "பையன் வண்டியப் பறக்க உடறானாமா" என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். (பொய்யில்லை. செந்தில் இரண்டு முறை பைக்கோடு வாய்க்காலில் விழுந்தவன்.)

"மெக்கானிக் எதுக்குங்க மாமா? நானே செஞ்சுபோடறேனுங்க" என்றேன். புது மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

உக்கடத்தில் பழைய சாமான் கடை பாய் ஒரு ஆக்சிலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "தம்பி, வெளிய தொடச்சு, சீல் மாத்தி, அப்படியே மாட்டுங்க. உள்ள கைவெச்சுபோடாதீங்க" என்றார். நான் உள்ளேதான் முதலில் கைவைத்தேன்.

மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து துருவைத் தேய்த்தேன். ஆக்சிலின் நடு உருண்டையில் இருந்த பல்சக்கரத்தைக் கூண்டோடு கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். சீல் மாற்றி, புது பேக்கிங் வெட்டி வைத்து, கறுப்புப் பெயிண்டும் அடித்தேன். "தண்ணி வாத்துட்ட கன்னுக்குட்டியாட்ட இருக்குதுங்க மாப்பளை" என்றார் மாமியார். நான் பூரித்துப் போய், அதைக் காரில் பூட்டினேன்.

ஆனால் கூண்டைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். போல்ட் ஓட்டைகள் வட்டமாக இருந்ததால் அப்படியும் பொருந்தித் தொலைந்தது. தலைகீழாக மாட்டினால் பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சுற்றும். இதே பல்சக்கரப் படத்தைப் பரீட்சையில் வரைந்து முதல் வகுப்பு வாங்கியவன் நான்.

ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாமனார் விடவில்லை. "ஆக்சில் மாத்துன வண்டிங்க. நல்ல நேரத்துல, பழம் நசுக்கித்தான் நகத்தோணும்" என்றுவிட்டார்.

உறுதி நாளன்று முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பின் சீட்டில் மாமனார், மாமியார், என் மனைவி, மடியில் பூவும் பழமும் நிரம்பிய தட்டங்கள். என் பக்கத்தில் செந்தில். காருக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர், அதற்கும் பின்னால் கிணறு.

முதல் கியரைப் போட்டு, கும்பிட்டு, கிளட்சை விட்டேன். கார் பின்னால் கிளம்பியது. பதறிப்போய் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். "மாசாணியம்மா!" என்று மாமியார் அலறினார். கார் போருக்குள் பாதி புகுந்து நின்றது.

இறங்கிப் பார்த்தேன். போருக்கு அந்தப் பக்கம் கிணறு இரண்டு முழம்கூட இல்லை. எல்லோரும் முழுசாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. (சோளத்தட்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.)

மாமனார் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "பழம் அப்படியே இருக்குதுங்களே மாப்பளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

செந்தில்தான் யோசித்தான். "மாமா, மொதக் கியரு பின்னால போனா, ரிவர்ஸ் முன்னால போகோணுமுங்களே?"

இந்த முறை என்னை ஓட்டவிடாமல் அவனே ஸ்டியரிங்கைப் பிடித்தான். ரிவர்ஸ் போட்டான், கார் முன்னால் நகர்ந்தது, பழங்கள் நசுங்கின. நேரம் தவறக் கூடாது. பெண் வீடு வரை ஐந்து மைலும் அந்த ஒரே கியரில் முனகிக்கொண்டே போனோம். சைக்கிளில் எங்களைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்து, "வண்டிக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்றார். "இல்லீங்க, நிதானமாப் போறமுங்க" என்றார் மாமனார், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

பெண்ணின் அப்பா வாசலில் நின்று நாங்கள் வருவதை நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கியதும் செந்திலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல என்னென்னமோ சொன்னாங்க. இவ்வளவு பொறுமையா வண்டி ஓட்டற பையன நான் பாத்ததே இல்லீங்க. என்ற புள்ளைய நம்பிக் குடுக்கலாம்."

அரைமணி நேரத்தில் தட்டம் மாற்றிவிட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் கோபி மெக்கானிக் ஒருவர் கூண்டைக் கழற்றி நேராக மாட்டினார், என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

கல்யாணத்துக்குப் பிறகுதான் செந்திலின் மனைவிக்கு உண்மை தெரிந்தது. அன்று சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் நான் மிக்ஸி மூடியைத் திறந்தால்கூட அவள் குரல்தான் முதலில் கேட்கும்:

"அண்ணன் கைவெச்சுட்டாருங்க! ஆரும் பின்னால நிக்காதீங்க!"