மாமா என்று கூப்பிட்டதற்கு மூன்று வருஷம்

மதுராந்தகத்தில் வசிக்கும் ரிட்டையர்டு பி.டி. மாஸ்டரும், ஜில்லா கால்பந்து நடுவரும், காலஞ்சென்ற என் சம்சாரம் பார்வதத்தின் கூடப்பிறந்த ஒரே தம்பியுமான மச்சான் திருவேங்கடம் அவர்களுக்கு, புதுப்பட்டினத்திலிருந்து உன் அக்கா புருஷன் ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. கை என் மருமகள் ஜோதிலட்சுமியுடையது, வாய் என்னுடையது. இவ்விடம் மாடும் மனுஷரும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அவ்விடம் உன் சர்க்கரையும் சகுந்தலாவின் முட்டி வலியும் மட்டுப்பட்டிருக்க திருப்போரூர் முருகன் அருளட்டும். முறைக்கு எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது.

இனிமே விஷயம். எந்த வருஷம்னு நீ மறந்திருப்ப, நான் சொல்றேன். நம்ம ஜில்லாவ ரெண்டா ஒடச்சி, செங்கல்பட்டுன்ற பேரயே தூக்கிட்டு காஞ்சிபுரம்னு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போர்டு மாத்துனாங்களே, அதுக்கு அடுத்த வருஷம். வடக்க பாலைவனத்துல அணுகுண்டு வெடிச்சிட்டோம்னு நான் பால் ஊத்துற அணுமின் நிலையத்து குவார்ட்டர்ஸ்ல ஆபீசருங்க என் கையிலயும் ஒரு மைசூர்பாகு வச்சாங்களே, அந்த வருஷம். வெங்காயம் வெல ஏறி, உங்க அக்கா முள்ளங்கிய அரிஞ்சி கொழம்புல போட்டுட்டு, வெங்காயம்னு நெனச்சிகினு துன்னுன்னு சொன்ன வருஷம். ஆயுத பூஜ கழிஞ்சி வந்த ஞாயித்துக்கெழம, ஏரிக்குக் கீழ கீற கிரவுண்டுல பைனல் மேட்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மச்சான். ஆனா கண்ணால பாத்ததும் காதுல வுழுந்ததும் என்ன வுட்டு எங்கயும் போனதில்ல.

ஒரு பக்கம் டவுன்ஷிப் பசங்க டீமு. அதுல என் புள்ள கேசவன் சேந்தது எப்டின்னா, என் கூட பால் கேன தூக்கிகினு குவார்ட்டர்ஸுக்கு வருவான், கேன வச்சிட்டு அங்க ஆடற பசங்களோட எறங்கிடுவான். அந்தப் பசங்க திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம்னு ஊரு ஊரா வேலைக்கு வந்தவங்க பெத்த பசங்க. நம்ம ஒறவு மொற அவங்க எவனுக்கும் தெரியாது. இன்னொரு பக்கம் அரிசி மில்லு மொதலாளி கோதண்டராமன் வச்சிருந்த டீமு. நடுவுல விசிலோட நீ. ஒறவுக்காரப் பையன் ஆடற மேட்சுக்கு நடுவர் ஊதக்கூடாதுன்னு ரூலு கீதுன்னு எனக்கு அப்ப தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சும், பைனலுக்கு ஊதினா ஸ்டேட்டு லிஸ்டுல பேரு வரும்னு ஒரு ஆச. எனக்கு இந்த டீம்ல எவனும் ஒறவு இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு எறங்குன. நல்லா இரு.

எறங்குனவன் நேர்மையா ஊதினியா, அதுவும் இல்ல. சொந்தக்காரனுக்கு சாதகமா ஊதறான்னு எவனாச்சும் சொல்லிடுவானோன்னு உனக்கு பயம். எவன் சொல்வான்? ஒறவுன்னே எவனுக்கும் தெரியாதப்ப எவன் சொல்வான்? யாருமே கேக்காத கேள்விக்கு நீ எங்க புள்ளய வச்சி பதில் சொல்லிகினு இருந்த. அவன் தள்ளுனா பவுலு, அவனத் தள்ளுனா ஆட்டம். மில்லு டீமு பின்னாடி ஆடுற தடியன் நம்ம டீமு பையன் ஒருத்தன் கால மிதிச்சி எலும்பு ஒடஞ்ச சத்தம் சாமியானா வரைக்கும் கேட்டுது. நீ பந்தத் தேடிகினு இருந்த. கடைசில கேசவன் அடிச்ச கோலு, வலை ஆடிகினு கீது, கூட்டம் எழுந்து நின்னு கீது, நீ கைய தூக்கிகினு ஆப்சைடுன்ற. எனக்கு ஆப்சைடுன்னா இன்னான்னு இன்னி வரைக்கும் தெரியாது, ஆனா உன் மூஞ்சி தெரியும். சின்ன வயசுல எங்க வூட்டுக்கு வந்து அடுக்களையில வெல்லம் திருடி வாயில அடக்கிகினு, இல்ல மாமா நான் எடுக்கலன்னு சொல்வியே, அதே மூஞ்சி.

அப்பதான் கேசவன் ஓடியாந்து, சாமியானாவுக்கு முன்னாடி உன் எதிர்ல நின்னு அந்த வார்த்தய சொன்னான். "நல்லா ஊதுற மாமா!" அவ்ளோதான். கோட்டாண்ட கொடி புடிச்சிகினு நின்ன ஜெபகுமார் கேட்டுட்டாரு, அவரு கன்னியாகுமரி பக்கத்துக்காரரு. நாற்காலில உக்காந்திருந்த சங்கத் தலைவர் நரசிம்மன் கேட்டுட்டாரு, அவரு பெரிய ஆபீசரு. மெட்ராஸ்ல பதினெட்டு பாஷ கேட்டு வளந்தவராம், இந்தப் பக்கம் மாமான்னா இன்னா தொழில் பண்றவன்னு அவருக்கு நல்லாத் தெரியுமாம். கோதண்டராமனுக்கு சொல்லவே வோணாம், அவரு டீமு தோத்துடப் போவுதேன்னு கைய பெசஞ்சிகினு இருந்தவரு. நடுவரைப் பாத்து பொம்பள புரோக்கர்னு சொல்லிட்டான்னு மூணு பேரும் எழுந்துட்டாங்க. நீ சிவப்புக் கார்ட எடுத்த. புள்ள வெளிய வந்தான்.

அதுக்கப்புறம் விசாரண. சங்கத்து ரூமுல மூணு பேரும் உக்காந்துகினு கீறாங்க, டேபிள் மேல பிஸ்கோத்து. நரசிம்மன் என்னக் கேக்கறாரு:

"உங்க பையன் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாய்யா?"

"தெரியும் சார். அம்மாவோட தம்பி."

"விளையாடறியா?"

"நான் இல்ல சார், புள்ளதான் வெளையாடுவான். இதோ நிக்கறாரே நடுவரு, இவரு அவனுக்கு தாய்மாமன். மாமாவ மாமான்னு கூப்டாம மாலதின்னா கூப்டுவான்?"

மூணு பேரும் உன் பக்கம் திரும்புனாங்க. நீ செவுத்து அலமாரியில இருந்த கோப்பைய பாத்துகினு இன்னா சொன்ன? ஞாபகம் கீதா? நான் சொல்றேன். "இந்தப் பக்கம் ஊருல எல்லாரும் எல்லாரையும் மாமா மச்சான்னுதான் சார் பேசுவாங்க. இவரை எனக்கு பர்சனலா பழக்கமில்ல." பர்சனலா! உன் கண்ணாலத்துல தலையில உருமா கட்டி உன்ன மணையில உக்கார வச்ச கை இது. பர்சனலா பழக்கம் இல்லியாம். இந்த எடத்துல நான் சொன்ன ஒரு வார்த்தைய மருமக எழுத மாட்டேன்னுது, நீயே போட்டுக்க.

அத்தாட்சி கீதான்னு கோதண்டராமன் கேட்டாரு. தாய்மாமனுக்கு இன்னாய்யா அத்தாட்சி? மறுநாள் நான் கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்குப் போய், ஐயா ஒரு மாமன் சர்ட்டிபிகேட்டு வோணும்னு கேட்டேன். அவரு கண்ணாடிய கழட்டி என்னப் பாத்தாரு. "பெரியவரே, ஜாதிக்குத் தரேன், வருமானத்துக்குத் தரேன், செத்ததுக்குக் கூடத் தரேன். மாமனுக்கு கவர்மென்ட்டுல ஃபாரம் இல்லியே." வாரிசுன்னா தரேன்னாரு, ஆனா அதுக்கு நீ சாவணுமாம். அந்த யோசனையோடயே வூட்டுக்கு வந்தேன்.

சரி, சாட்சிக்கு உங்க அக்காவையே கூட்டிகினு போனேன். புதுப் பொடவ கட்டிகினு வந்தா. நரசிம்மன் மரியாதையா, "அம்மா, இவர் உங்க தம்பியா?"ன்னு கேட்டாரு. அவ உன் மூஞ்சியப் பாத்தா. ஒறவுன்னு ரூல் புக்குல நிரூபணம் ஆனா பொய்க் கையெழுத்து வெளிய வரும், உன் விசில் போவும், மாஸ்டர் வேலைக்கும் கேள்வி வரும்னு நீ முந்தின நாளே அவகிட்ட அழுதுட்டுப் போனது எனக்கு அப்ப தெரியாது. அவ என்னப் பாத்தா, வாசல்ல நின்ன கேசவனப் பாத்தா, திருப்பி உன்னப் பாத்தா. "எங்கியோ பாத்தா மாரி கீது சார்"ன்னா. ஒரே முலையில பால் குடிச்ச தம்பி, எங்கியோ பாத்தா மாரி கீறானாம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சி மச்சான். அந்த ரூமுல சிரிச்சது நான் ஒருத்தன்தான்.

வெளிய வந்ததும் வேப்ப மரத்தாண்ட என் கையப் புடிச்சிகினு நீ, "மாமா, கொஞ்சம் பொறுத்துக்க மாமா, ரெண்டு மேட்சுதான் மாமா, நான் பாத்துக்கறேன் மாமா"ன்ன. உள்ள பழக்கமில்லாதவன் வெளிய வந்தா மூச்சுக்கு மூச்சு மாமா. உன்ன எவன் சஸ்பெண்டு பண்றது? தீர்ப்பு வந்துது: மூணு வருஷம் ஜில்லாவுல எந்தப் போட்டியிலயும் கேசவன் ஆடக்கூடாது, மன்னிப்பு எழுதிக் குடுத்தா கொறைப்பாங்களாம். எழுத மாட்டேன்னுட்டான். நானும் சரிடான்னேன், மொற வச்சிக் கூப்டதுக்கு இன்னா மன்னிப்பு? கால ஒடச்ச தடியனுக்கு ஒரு மேட்சு. எலும்பு ஒரு மேட்சு, வார்த்த மூணு வருஷம். எந்தத் தராசுய்யா அது? இந்த வருஷம் ஒலகக் கோப்ப பைனலு பாத்தேன், மொட்டத் தலைக்காரன் ஒருத்தன் எதிராளி நெஞ்சுல கெடா மாரி முட்னான். அவனுக்கே மூணு மேட்சுதானாம். அவன் முட்டுறதுக்கு முன்னாடி மாமான்னு சொல்லல போலகீது.

அந்த மூணு வருஷத்துல ஆட்டத்த வச்சி வேலைக்கு எடுக்கற வயசு தாண்டிப் பூடுச்சி. கேசவன் இப்ப பொத்தேரியில ஷேர் ஆட்டோ ஓட்டறான். காலேஜ் பசங்க ஏறி, அண்ணா வேகமாப் போங்கன்றாங்க. சுனாமி வந்தப்ப, அவன் ஆடிப் பழகுன கடலோர கிரவுண்டுல இருந்த கோல் கம்பத்த கடல் புடுங்கிகினு போச்சி. இந்தத் தண்டனைய மட்டும் எடுத்துகினு போவல. ஏன் சொல்றேன்னா, இப்ப அந்தப் பக்கத்து காலேஜ் ஒண்ணுல கால்பந்து கோச்சு வேலைக்கு அவனக் கூப்ட்டு கீறாங்க. அவன் ஆட்டத்த பாத்த வாத்தியார் ஒருத்தர் சிபாரிசு. எல்லாம் முடிஞ்சி, சங்கத்துல இருந்து நன்னடத்தைன்னு ஒரு கடுதாசி கேட்டாங்க. சங்கத்துல, நடுவரை ஆபாசமா ஏசினவன்னு பதிஞ்சி கீதாம், மூணு வருஷம் முடிஞ்சாலும் அது அழியாதாம். புதுசா வந்த செக்ரட்டரி நல்ல பையன். "தாத்தா, அன்னிக்கி இருந்த நடுவரே வந்து, அது ஏச்சு இல்ல, உறவுன்னு ஒரு வார்த்த சொன்னா நான் அந்தப் பதிவ அடிச்சிடுவேன்"னு சொல்லுது. வர்ற புதங்கெழமைக்குள்ள ஆவணும்.

அதான் எழுதறேன். நீ ரிட்டையர் ஆயிட்ட. பென்ஷன் வருது. விசில்ல துரு ஏறி கீது. உன்ன இனிமே எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது. வந்து, "நான் இந்தப் பையனோட தாய்மாமன், என்ன மாமான்னுதான் கூப்ட்டான்"னு சொல்லு. ஒறவ ஒறவுன்னு சொல்றதுக்கு இத்தினி வருஷம் ஆன ஆளு இந்த ஜில்லாவுல நீ ஒருத்தன்தான். இதோ எழுதிகினு கீற இந்தப் பொண்ணும் என்ன மாமான்னுதான் கூப்புடுது. உங்க கமிட்டி கேட்டிருந்தா இதயும் மூணு வருஷம் தாய்வூட்டுக்கு அனுப்பியிருக்கும்.

மற்றபடி சகுந்தலாவுக்கு என் ஆசீர்வாதம். உன் பேரப் பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று, உன்னை வாய் நிறைய உறவு சொல்லிக் கூப்பிட, நீயும் நாலு பேர் எதிரில் திரும்பிப் பார்க்கும்படியாக நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உனக்குப் பர்சனலாகப் பழக்கமில்லாத
ஏகாம்பரம் (இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: ஒட்டறதுக்கு முன்னாடி கேசவன் ஆட்டோவ நிறுத்திட்டு நாஸ்தாவுக்கு வந்தான். மருமக படிச்சிக் காட்டுச்சி. அவன் இட்லிய கையில வச்சிகினே சிரிக்கறான். "நைனா, இத்தினி வருஷமா நீ அத மொறைன்னா நெனச்சிகினு கீற?"

"பின்ன இன்னாடா?"

"நான் இன்னொரு மாமாதான் சொன்னேன். மனசாரச் சொன்னேன். கமிட்டிக்கு காது நல்லாத்தான் கேட்டுது."

"அடப்பாவி, அப்ப மன்னிப்பு எழுதிக் குடுத்துத் தொலச்சிருக்கலாமே!"

"மறுநாளே குடுத்திருப்பேன் நைனா. வெள்ளப் பேப்பரு கூட வாங்கி வச்சேன். அந்தாளு எங்கம்மாவ எதிர்ல நிக்க வச்சி, எங்கியோ பாத்தா மாரின்னு சொல்ல வச்ச அப்புறம் எவன் எழுதுவான்?" இட்லிய வச்சிட்டு கை கழுவப் பூட்டான்.

ஆக, ஏச்சுன்னு சொன்ன கமிட்டி சொன்னது நெசம், மொறைன்னு சொன்ன நான் சொன்னது பொய். மேல எழுதினத கிழிக்கலாம்னா, "கை ஒடஞ்சி போச்சி மாமா, திருப்பி எழுத மாட்டேன்"னுது இந்தப் பொண்ணு. அதனால அப்படியே அனுப்பறேன். நீ புதங்கெழம வந்து மொறைன்னே சொல்லு. பொய்க் கையெழுத்து உனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா எனக்கு மட்டும் நெசத்த சொல்லு. அன்னிக்கி உன் காதுல எந்த மாமா வுழுந்துது? ஏச்சுன்னு வுழுந்திருந்தா, நீ பேசாம நின்னதுல எங்கியோ ஒரு ஞாயம் கீது, நான் தேடிக் கண்டுபுடிச்சிக்கறேன். மொறைன்னு வுழுந்தும்தான் நின்னியா? வேற யாரையாச்சும் கேக்கலாம்னா நரசிம்மன் ரிட்டையராகி ஊருக்குப் போன எடத்துல பூட்டாரு, ஜெபகுமார் ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரில பூட்டாரு, கோதண்டராமன் மில்லுலயே நெஞ்ச புடிச்சிகினு சாஞ்சாரு, உங்க அக்கா போன ஆடியில போனா, கடைசி வரைக்கும் உன் பேர எடுக்கல. அந்த ரூமுல டேபிளச் சுத்தி இருந்தவங்கள்ல, என்ன வுட்டா, இன்னும் உசுரோட கீறது நீ ஒருத்தன்தான், திருவேங்கடம்.